குடும்பத்துக்குத் தெரிந்தவள்

ஜனவரி 9

அன்புள்ள நண்டுக்கு,

நான் நலம். உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? இஸ்திரி மேசையின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டாயா, இல்லை வழக்கம்போல "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாயா?

போனில் கூப்பிட்டால் "சரி அக்கா" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வராது. தம்பியோ போனை மேசைமேல் வைத்து வீடு முழுக்கக் கேட்கும்படி போட்டுவிடுகிறான். எழுதினால் நீ பேசுவாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தம்பி சொல்லியிருப்பான். வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. உன் அண்ணி இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் பாதி நாள் ஊரின் அந்தக் கோடிவரை பஸ்ஸில் போய்வருவது இனி நடக்காது. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறான். நம் வீட்டை வாங்கவும் ஆள் இருக்கிறார். ஆனால் வாங்குபவரின் வக்கீல், வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அப்பா உயில் எழுதவில்லை. அவர் போனபிறகு நாங்களும் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. தம்பி அங்கே இருந்தான், நான் இங்கே இருந்தேன், வீடு அதன்பாட்டுக்கு இருந்தது. முறைப்படி செய்யவேண்டியதைச் செய்வதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டதாம். இப்போது இருக்கும் ஒரே வழி, இறந்தவருடைய வாரிசுகள் யார் யார் என்று நீங்களே விசாரித்துத் தீர்மானித்துச் சொல்லுங்கள் என்று கோர்ட்டில் மனு போடுவது. கோர்ட்டு சொன்னால்தான் நாங்கள் அப்பாவின் பிள்ளைகள். இந்த வயதில் இப்படி ஒரு தேர்வு எழுதவேண்டியிருக்கிறது.

வீடு கைமாறியபின் நீ எங்கே இருப்பது என்பதை நானும் தம்பியும் பேசவேண்டும். பேசுவோம். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன் அறைச் சுவரில் இன்னும் ஈரம் இறங்குகிறதா? எழுது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு, நண்டு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்குக் கால்வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. புதுக் கண்ணாடி உங்களுக்குப் பழகிவிட்டதா? முதல் கண்ணாடி போட்டபோது வாசற்படியைத் தாண்டிக் குதித்தீர்களே, அந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லையே?

முதலாளியிடம் கேட்டேன். "மேசை குட்டையாகாது, நீ வேணா ஒரு பலகை மேல ஏறி நில்லு" என்றார். நிற்கிறேன். இப்போது சலவைக்கடையிலேயே நான்தான் உயரம். தோளுக்குப் பரவாயில்லை. ஆவி முகத்தில் அடிக்காமல் கீழேயே கலைந்துவிடுகிறது, அது ஒரு லாபம்.

நம் தரப்பு வக்கீல் வீட்டுக்கு வந்திருந்தார். முன் அறையில் அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, இத்தன வருஷமா ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கீங்களே?"

"யாருமே கேக்கலையே சார்."

"போனவரா வந்து கேப்பாரு?"

அண்ணி உள்ளேயிருந்து, "அவர் இருந்தப்பவே எதையும் கேட்டதில்ல சார்" என்றார். வக்கீலே சிரித்துவிட்டார்.

அப்பா சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? "கோர்ட்டுக்குப் போற பஸ்ஸ நான் ஓட்டியிருக்கேன். அந்த நிறுத்தத்துல சிரிச்சிக்கிட்டு ஏறினவன் ஒருத்தனையும் பார்த்ததில்ல." அதனால்தான் எந்தக் காகிதத்தையும் எழுதாமலே போய்விட்டார் போலிருக்கிறது.

நான் எங்கே இருப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். என் அம்மா இந்த வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தாள். எனக்கும் ஒரு பெட்டிக்கு மேல் சாமான் சேரவில்லை.

சுவர் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. வாங்குகிறவர் பார்க்கும்போது மட்டும் அலமாரியை நகர்த்தி மறைத்து வைக்கச் சொன்னார் அண்ணன். மறைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
நண்டு


பிப்ரவரி 4

அன்புள்ள நண்டுக்கு,

உன் கடிதம் வந்தது. பலகைமேல் நிற்கும் உன்னை நினைத்துப் பார்த்தேன். சறுக்கி விழுந்துவிடாதே. இங்கே நான் நலம். விடைத்தாள் திருத்தும் காலம், கழுத்து மட்டும் வலிக்கிறது.

மனு போட்டாகிவிட்டது. விசாரணையில் இரண்டு சாட்சிகள் வேண்டுமாம். சும்மா யாராவது போதாது. குடும்பத்தை நெடுங்காலமாக அறிந்தவர்களாக இருக்கவேண்டும். இறந்தவருக்கு எத்தனை திருமணம், எத்தனை பிள்ளைகள், வேறு குடும்பம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் சத்தியம் செய்து சொல்லவேண்டும். அதே சமயம், வீட்டில் பங்கு எதுவும் இல்லாதவர்களாகவும் இருக்கவேண்டும். சொல்வதால் தங்களுக்கு ஆதாயம் இல்லாதவர்கள் என்றால்தான் கோர்ட்டு நம்பும்.

அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர் மாமா ஒருவர். அவரை விட்டால் யார்? எதிர்வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் நேற்று வந்தவர்கள்.

வக்கீல் உன் பெயரைக் குறித்துவைத்திருக்கிறார்.

நண்டு, இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன் அம்மா பின் அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து நீ எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாய். உன் அம்மா காய்ச்சலில் போனபிறகு உன்னை எங்கே அனுப்புவது என்று ஒரு பேச்சுகூட எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அப்பா உன்னைச் சட்டப்படி தத்து எடுக்கவில்லை. மறுத்தார் என்றில்லை, அவருக்கு அது தோன்றவே இல்லை. சட்டத்தின் கண்ணில் உனக்குப் பங்கு இல்லை. அதனால்தான் நீ சாட்சி சொல்ல முடியும். இது வெறும் ஏட்டு விஷயம். நமக்குள் இதனால் எதுவும் மாறப்போவதில்லை.

விருப்பமில்லை என்றால் சொல்லிவிடு. வேறு ஆளைப் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சாட்சி சொல்கிறேன். இதற்குப் போய் இவ்வளவு நீளமாக எழுதவேண்டுமா? உங்கள் கடிதத்தைக் கடையில் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சட்டைக் காலர் கருகிவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. கூண்டில் ஏற்றி, "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும்? தெரிந்துகொண்டால் இப்போதிருந்தே சொல்லிப் பழகிக்கொள்வேன்.

உங்கள் தங்கை,
நண்டு


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள். அண்ணனைக் கேட்டால், "அவளுக்கு என்ன, புத்தகத்துக்குள்ள இருப்பா" என்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கை. யாருக்கும் தெரியாத வாரிசு எங்காவது இருந்தால் அவர்களுக்காகப் பேச, கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்திருக்கிறது. சின்னப் பெண். தோளில் அவள் உயரத்துக்கு ஒரு பை. தெருவில் வீடு வீடாகப் போய், "அவருக்கு வேற ஊர்ல குடும்பம் எதுவும் உண்டா?" என்று விசாரித்தாள். பால்காரர், "அவரு ஒரு குடும்பத்துக்கே நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைக்கும் வந்தாள். வாங்க வராத துணிகள் தொங்கும் கம்பியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாருதுங்க?" என்றாள். "அதுதான் தெரியல. உங்க கட்சிக்காரங்களதா இருக்கும்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள். நல்ல பெண். போகும்போது, "நீங்க அந்த வீட்ல யாரு?" என்று கேட்டாள். இஸ்திரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அண்ணியிடம் சொன்னேன்: தெரியாத வாரிசுக்கு வக்கீல் உண்டு, தெரிந்தவளுக்குத்தான் இல்லை.

அக்கா, அந்தக் கேள்விக்கு என்ன சொல்லட்டும்?

உங்கள் தங்கை,
நண்டு


மார்ச் 18

அன்புள்ள நண்டுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. துறையில் ஒரே கூட்டமும் குழப்பமும். உன் கடிதத்துக்குப் பதில் எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவன் வந்து நின்றான். பொய் சொல்வானேன், சில நாள் யாரும் வரவும் இல்லை.

வக்கீலிடம் கேட்டேன். "குடும்பத்துக்குத் தெரிந்தவர்" என்று சொன்னால் போதும் என்கிறார். அது பொய்யில்லை. சட்டத்தில் உறவு என்றால் இரத்தம், திருமணம், தத்து. இவற்றில் எதுவும் இல்லாதபோது "உறவு இல்லை, குடும்பத்துக்குத் தெரிந்தவள்" என்பதுதான் துல்லியமான பதில்.

மற்ற கேள்விகள் எளிமையானவை. அவருடைய மனைவி அவருக்கு முன்பே இறந்தாரா? ஆம். மறுமணம் செய்தாரா? இல்லை. எத்தனை பிள்ளைகள்? இரண்டு. தத்துப் பிள்ளைகள் உண்டா? இல்லை. அவ்வளவுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நீளமாக விளக்க வேண்டாம்.

விசாரணைக்கு நான் கட்டாயம் வருவேன். உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். தைரியமாக இரு.

சுவர் ஈரத்துக்கு அலமாரியை ஒட்டி வைக்காதே. துணியெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் வருவதாக எழுதியதைப் படித்ததும் அண்ணி, மேல் அலமாரியிலிருந்து போர்வையை எடுத்து வெயிலில் போடச் சொல்லிவிட்டார்.

ஒத்திகை நடக்கிறது. அண்ணிதான் நீதிபதி. சிகிச்சை முடிந்து வந்து படுத்தால் எழுந்திருக்க முடியாது, ஆனால் படுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்ல முடிகிறது. தலையணையில் சாய்ந்துகொண்டு, "சாட்சி, நேரா நில்லு. இறந்தவர் உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"உறவு இல்லீங்க. குடும்பத்துக்குத் தெரிஞ்சவ."

"அவருக்கு எத்தன பிள்ளைங்க?"

"மூணு."

அண்ணி தலையணையை எறிந்தார். "ரெண்டுடி! ரெண்டுன்னு சொல்லு!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணிக்கும்தான். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இன்னைக்குப் போதும். கோர்ட்டு கலையுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் ஒடம்பு நல்லா இருந்திருந்தா இந்த வீடு இப்படியே இருந்திருக்கும் இல்ல?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார். நான் தலையணையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இப்போது சரியாகச் சொல்கிறேன். பலகைமேல் நின்று சட்டை தேய்க்கும்போது ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். முதலாளி, "யாரோடம்மா சண்டை?" என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
குடும்பத்துக்குத் தெரிந்தவள்

(கோபிக்காதீர்கள். இதுவும் பழக்கத்துக்குத்தான்.)


ஏப்ரல் 14

அன்புள்ள நண்டுக்கு,

உன் அண்ணி எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்?

என்னால் வர இயலாது போலிருக்கிறது. அதே வாரத்தில் இறுதித் தேர்வுக் குழுக் கூட்டம் வைத்துவிட்டார்கள். நான் நேரில் வரவேண்டிய கட்டாயம் இல்லை என்றும், எழுத்துமூல வாக்குமூலம் போதும் என்றும் வக்கீல் சொல்கிறார். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். தம்பி வருவான். கண்டக்டர் மாமா இருப்பார். உனக்குத் துணைக்குக் குறையில்லை.

நீ கடிதத்தின் கீழே எழுதியிருந்ததைப் பற்றி: நான் கோபிக்கவில்லை.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். வீடு விற்று வருவதில் என் பங்கிலிருந்து உனக்குச் செய்யவேண்டியதைச் செய்வேன். இதைத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

கோர்ட்டு அறை ஏ.சி.யில் குளிரும் என்கிறார்கள். ஏதாவது போர்த்திக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கூட்டம் நல்லபடியாக முடிந்ததா? இங்கே விசாரணை நல்லபடியாக முடிந்தது. அண்ணன் போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் "முடிஞ்சுது" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். நான் எழுதுகிறேன்.

குளிரும் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் கோட்டு இல்லை. முதலாளி அந்தக் கம்பியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறம், நல்ல துணி. யாரோ ஒரு பெரிய மனுஷி கொடுத்துவிட்டு வாங்க வராதது. "சொந்தக்காரி கோர்ட்ல எதுக்க வந்து நிக்காம பாத்துக்க" என்றார். கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சின்ன வக்கீல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் தெருவுல விசாரிச்சேங்க. உங்களப் பத்தியும்தான். ஒருத்தர் ஒரு குழந்தைய எடுத்து, தன் பொண்ணுன்னு ஊரறிய வளர்த்திருந்தா, காகிதம் இல்லன்னாலும் கோர்ட்டு கேக்கும். கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஆனா கேக்கும். நீங்க சொல்லணும். நீங்க வாயத் திறந்தாதான் நான் பேச முடியும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். தெரியும். இருந்தும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் படிக்கப் போன காலத்திலிருந்தே, விடுமுறை என்றால் வாசலைப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

முதலில் கண்டக்டர் மாமா. "அவர எப்படித் தெரியும்?" என்று கேட்டதற்கு, எந்த வழித்தடத்தில் எந்த வளைவில் அப்பா எப்படித் திருப்புவார் என்று ஆரம்பித்துவிட்டார். நீதிபதி, "பஸ்ஸக் கொஞ்சம் நிறுத்துங்க, கேள்விக்கு வாங்க" என்றார். எத்தனை பிள்ளைகள் என்றதும் மாமா என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "ரெண்டு" என்றார். இறங்கும்போது படி தடுக்கியது.

பிறகு நான். உங்கள் வாக்குமூலத்தை முதலில் வாசித்தார்கள். "எங்கள் இருவரைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை." நீங்கள் எழுதினால் எப்போதும் தெளிவாக இருக்கும்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லீங்க. குடும்பத்துக்குத் தெரிஞ்சவ."

"எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு."

எல்லாம் நீங்கள் எழுதிய வரிசையிலேயே வந்தது. அப்புறம் அந்தச் சின்ன வக்கீல் எழுந்தாள்.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"அந்த வீட்டுப் பின் அறையில."

"வாடகைக்கா?"

அக்கா, இந்தக் கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் அண்ணியை மருத்துவமனைப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறிய சட்டைதான் போட்டிருந்தார். முதுகில் கசங்கல் அப்படியே இருந்தது.

"ஆமாங்க. வாடகைக்கு."

"அவர நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?"

நீதிபதிகூட எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கோட்டுக் கையின் மடிப்பு பிரிந்து விரல்வரை இறங்கிவிட்டது. அதை ஒருமுறை மடித்துவிட்டேன்.

"பெரியவர்னு."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேற கேள்வி இல்ல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது அண்ணன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். சின்ன வயதில் ஒருநாள்கூட விட்டதில்லை.

கோட்டை வெளுத்துத் தேய்த்துப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
குடும்பத்துக்குத் தெரிந்தவள்


மே 9

அன்புள்ள நண்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

தீர்ப்பின் நகல் வந்திருக்கிறது. என் பெயர், தம்பி பெயர், அதன் கீழே "வேறு வாரிசுகள் எவரும் இல்லை." நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. வகுப்பில் மாணவர்களிடம், கேள்வியைப் பிழையாகக் கேட்டால் சரியான விடை வந்தும் பயனில்லை என்று வருடம் தவறாமல் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்.

தேர்வுக் குழுக் கூட்டத்தைத் தள்ளி வைத்திருக்கலாம். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த "ரெண்டு" என்ற சொல்லைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதை உன்னைச் சொல்லவைப்பதற்கு மட்டும் தைரியம் இருந்தது.

தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுத இன்னும் அவகாசம் இருக்கிறதாம். நான் எழுதப்போகிறேன். அவர் மூன்று பிள்ளைகளை வளர்த்தார், மூன்றாவது பிள்ளை அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள், கடைசியில் அவர் கூப்பிட்டதும் அவளைத்தான் என்று எழுதுவேன். விற்பனை தள்ளிப்போகும். தம்பி கத்துவான். கத்தட்டும். உனக்குச் சேரவேண்டியது உன் பெயரில் வரட்டும். நான் பிச்சை போடுவதாக இருக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாட்சிக்கு உன் பெயர் எப்படி வந்தது என்பது பற்றி. அதை எழுத்தில் சொல்ல வரவில்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

உன் சம்மதத்தை மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கூச்சப்படாமல் கேட்கலாம். அண்ணிக்கும் பரவாயில்லை. புது வீட்டின் ஜன்னலிலிருந்து மருத்துவமனை வாசல் தெரிகிறதாம். "எமனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ரோடுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் எழுதவேண்டாம் அக்கா.

மூன்று பேர் என்று நீங்கள் இப்போது எழுதினால், சத்தியம் செய்து பொய் சொன்னது யார் என்று கேட்பார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தது சட்டப்படி சரி. கண்டக்டர் மாமா சொன்னதும் அப்படித்தான். வாடகை என்று சொன்னதும், பெரியவர் என்று சொன்னதும் நான் மட்டும்தான். அதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை, நானாகச் சொன்னேன். நீங்கள் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால், மாட்டிக்கொள்வது நான்தான்.

அதனால் முடிந்தவரை என் பொய்யை நானே சரிசெய்துகொண்டு வருகிறேன். இந்த மாதம் அண்ணனிடம் வாடகை கொடுத்தேன். "என்னடி இது?" என்றார். "கோர்ட்ல சொல்லிட்டேன்ல, வாங்கிக்குங்க" என்றேன். அண்ணியைப் பார்த்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு கைமாறும்வரை கொடுப்பேன். அதன்பிறகு கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. முதலாளி சரி என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு பொய்தான் சரியாக வரமாட்டேன் என்கிறது. அப்பா படத்தின் முன்னால் நின்று "பெரியவரே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு படத்தைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேரில் சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அது எனக்குத் தெரியும். விசாரணை முடிந்த வாரம் அண்ணன் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டார். வக்கீல் போனில், பங்கில்லாதவர் யாராவது வீட்டை நன்றாக அறிந்தவர் உண்டா என்று கேட்டாராம். அண்ணன் கண்டக்டர் மாமாவையே இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் உடனே, "ஏன், நண்டு இருக்காளே" என்றீர்களாம்.

அண்ணன் உங்களுக்குப் பரிந்து, "அவ யோசிக்காம சொல்லிட்டாடி" என்றார். அதுதான் அக்கா. யோசித்துச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

உங்கள் பங்கிலிருந்தும் எனக்கு எதுவும் வேண்டாம். கொடுத்துவிட்டால் உங்களுக்கு மனம் லேசாகிவிடும் என்று தெரியும். அதற்காகவே வேண்டாம் என்கிறேன். பாருங்கள், நானும் அவ்வளவு நல்லவள் இல்லை.

மேலே "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன். எழுதலாம் என்றுதான் தோன்றியது. அக்கா என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்களையும் கூப்பிடுகிறேன், பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கிறவளையும் கூப்பிடுகிறேன். எந்தக் கோர்ட்டும் வந்து கேட்காது. அப்பா என்று அப்படி யாரையும் கூப்பிட முடியாதே. அதனால் அதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொண்டேன்.

கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? மழைக்காலத்தில் அந்த வலி ஏறும், கவனமாக இருங்கள். மழை பிடிப்பதற்குள் ஒருமுறை வந்துபோங்கள். உங்களுக்காக எடுத்த போர்வையை இன்னும் மேல் அலமாரியில் திருப்பி வைக்கவில்லை.

கீழே என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. தங்கை என்றால் கோர்ட்டில் சொன்னது பொய். தெரிந்தவள் என்றால் நீங்கள் அழுவீர்கள். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை யோசித்து.

இப்படிக்கு,